பெரட்டுக்கு நேரமாச்சு

மதிப்பிற்குரிய ஐயா,

முதுமையும் மனநோயும் பற்றி நீங்கள் எழுதிவரும் பகுதியைத் தொடர்ந்து வாசிக்கிறேன். பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். ஆசிரியையாக இருக்கிறேன், உளவியல் டிப்ளோமாவும் படிக்கிறேன்.

எங்கள் அப்பாயிக்கு (அப்பாவின் அம்மா) அடையாள அட்டைப்படி 74 வயது. 38 வருடம் கொழுந்து எடுத்தவர். பள்ளிக்கூடப் பக்கமே போனதில்லை. இரண்டு வருடமாக மறதி. வளையலை எங்கேயோ வைத்துவிட்டு அம்மா எடுத்துவிட்டதாகச் சொல்வார். கறிக்கு இரண்டு தடவை உப்புப் போடுவார். வயசாச்சு என்று விட்டுவிட்டோம். போன கிழமை தடிமனும் இருமலும் வந்த பிறகு ஆளே மாறிவிட்டார். பகலெல்லாம் தூங்குகிறார். இரவு இரண்டு மணிக்கு எழும்பி, "பெரட்டுக்கு நேரமாச்சு" என்று (காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடுவதுதான் பெரட்டு) இடுப்பில் கட்டும் படங்கைத் தேடுகிறார். கதவைத் திறந்துகொண்டு இறங்கிப் போகிறார். மூலையில் சின்னப் பிள்ளைகள் உட்கார்ந்திருப்பதாகச் சொல்கிறார். அப்பாவையே "நீ யாரு?" என்று கேட்டுவிட்டார். முனி பிடித்துவிட்டது என்று லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) பேச்சு. ஓர் ஆஸ்பத்திரியில் ஒரு தாளை வைத்துக் கேள்வி கேட்டார்கள். சிங்களத்தில் கேட்டதை நான்தான் தமிழில் சொன்னேன். 30க்கு 13. டிமென்ஷியா (மறதிநோய்), இந்த வயதில் வருவதுதான் என்று அனுப்பிவிட்டார்கள்.

அதே வீட்டில் சித்தப்பாவும் இருக்கிறார். 58 வயது. மனச்சிதைவுக்கு 25 வருடமாக மாதம் ஒரு ஊசி. இப்போது வாய் எதையோ மெல்வதுபோல ஓயாமல் அசைகிறது. அவரைக் கிளினிக்குக் கூட்டிப் போய்க்கொண்டிருந்ததே அப்பாயிதான்.

பென்சிலே பிடிக்காத ஒருவருக்கு அந்தத் தாள் நியாயமானதா? முதுமை மனநோயைக் கற்பிக்கும் மருத்துவ உளவியலாளர் முதலில் எதைக் கற்பிக்க வேண்டும்? எங்கள் லயங்களில் இதை ஆராய்வதென்றால் எங்கே தொடங்குவது?

வாசகி, பொகவந்தலாவை

அன்பின் தங்கைக்கு,

உங்கள் கடிதம் கிடைத்த அன்றே தனியாக இரண்டு வரி அனுப்பியிருந்தேன்: கேள்விகள் இருக்கட்டும், அப்பாயியை இன்றே மறுபடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்று. அந்த அவசரம் எதற்கு என்பதிலிருந்தே தொடங்குகிறேன். நீங்கள் கேட்ட இரண்டாவது கேள்விக்கும் பதில் அங்கேதான் இருக்கிறது.

உங்கள் கடிதத்தில் இரண்டு காலக்கணக்குகள் இருக்கின்றன. ஒன்று இரண்டு வருடம், மற்றது ஒரு கிழமை. தாளில் 13 என்று எழுதியவர் இந்த இரண்டையும் ஒன்றாகக் கலந்துவிட்டார். முதுமை மனநோய் வகுப்பில் நோய்ப்பெயர்களுக்கு முன்னால் மாணவர் கேட்கப் பழக வேண்டியது இதைத்தான்: இவர் முன்பு எப்படி இருந்தார், எந்த நாளிலிருந்து இப்படி? ஒப்பிட வேண்டியது அவரை அவரோடுதான். பள்ளிக்கூடம் போன இன்னொரு கிழவியோடு அல்ல. புத்தகத்தில் உள்ள சராசரியோடும் அல்ல.

சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ ஒருவர் தலைகீழாக மாறினால் அது சன்னி. மருத்துவர் டெலிரியம் என்பார். நம் கிழவிகள் "சன்னி கண்டுட்டுது" என்று சொல்வது பழைய பேச்சு என்று ஒதுக்கப்படுகிறது. நோயின் உருவத்தை அந்தச் சொல் சரியாகவே பிடித்திருக்கிறது. ஷாரன் இனோயேயும் அவருடன் பணியாற்றியவர்களும் 1990இல் வெளியிட்ட ஆய்வுமுறை நான்கு விஷயங்களைப் பார்க்கச் சொல்கிறது: திடீரெனத் தொடங்கி ஏறி இறங்குவது, கவனம் நிற்காமை, பேச்சு தொடர்பில்லாமல் போவது, விழிப்புநிலை மாறுவது. முதல் இரண்டும் இருந்து, மற்ற இரண்டில் ஒன்றும் சேர்ந்தால் சன்னி என்று கருதலாம். கவனத்தைப் பார்க்க எழுத்தறிவு வேண்டியதில்லை. கிழமை நாட்களை ஞாயிறு, சனி, வெள்ளி என்று பின்னாலிருந்து சொல்லச் சொல்லுங்கள். டிமென்ஷியாவின் தொடக்கத்தில் உள்ளவர் திணறினாலும் முயன்றுகொண்டிருப்பார். சன்னியில் உள்ளவர் இரண்டாவது நாளின் பெயரிலேயே கேள்வியை விட்டுவிட்டுக் கூரையைப் பார்ப்பார், அல்லது கண்ணை மூடுவார். காலையில் ஒன்றும் மாலையில் இன்னொன்றுமாக இருக்கும் என்பதால் ஒரே தடவை பார்த்து முடிவு செய்யக் கூடாது.

சன்னிக்குக் காரணம் பெரும்பாலும் மண்டைக்கு வெளியேதான் இருக்கும். நுரையீரல் சளி, சிறுநீர்க் கிருமி, உடலில் நீர் குறைதல், மலச்சிக்கல், சிறுநீர் அடைத்து அடிவயிறு வீங்கியிருத்தல், சோடியம் குறைதல், சீனி வருத்தக் குளிசையால் சீனி அளவுக்கு மேல் இறங்குதல், விழுந்து தலையில் அடிபட்டுச் சில கிழமைகளுக்குப் பிறகு உள்ளே இரத்தம் சேர்தல். உங்கள் அப்பாயிக்குத் தடிமனும் இருமலும் வந்த பிறகு இது தொடங்கியிருக்கிறது. ஆகவே நெஞ்சு எக்ஸ்ரே, விரலில் மாட்டிப் பார்க்கும் ஒட்சிசன் அளவு, சிறுநீர், இரத்த எண்ணிக்கை, சீனி, சோடியம், சிறுநீரகச் செயல்பாடு ஆகியவற்றைப் பார்த்தார்களா என்று கேளுங்கள். இன்னொன்று: தடிமனுக்கு பிரிட்டன் (Piriton, குளோர்பெனிரமின்) குளிசை கொடுத்தீர்களா? கடையிலும் தோட்டத்து டிஸ்பென்சரியிலும் சர்வசாதாரணமாகக் கிடைக்கும் அந்தச் சின்னக் குளிசை, மூளையில் அசெற்றைல்கோலின் என்ற பொருளின் வேலையைத் தடுக்கிறது. நினைவுக்கும் கவனத்துக்கும் அந்தப் பொருள்தான் வேண்டும். வயதானவரின் மூளையில் அது ஏற்கெனவே குறைவு. இளையவருக்குத் தூக்கம் மட்டும் வரவைக்கும் குளிசை அப்பாயிக்குச் சன்னியையே கொண்டுவரலாம். கால் எரிவுக்கும் தூக்கத்துக்கும் தரப்படும் அமிற்றிப்டிலினும் இதே வகை. டயசிபாம் வேறு வகை. ஆனாலும் அதே குழப்பத்தில் கொண்டுபோய் விடும். வீட்டில் உள்ள எல்லாக் குளிசைகளையும், பக்கத்து வீட்டில் வாங்கிப் போட்டதையும் சேர்த்து, ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய்க் காட்டுங்கள். பெயர் தெரியவில்லை என்றாலும் பரவாயில்லை.

சத்தம் போடும் சன்னியை எல்லோரும் கவனித்துவிடுவார்கள். ஆபத்து கூடியது அடங்கிப்போன சன்னி: பேச்சில்லை, சாப்பாடில்லை, சுவரைப் பார்த்துப் படுத்தபடி கிடப்பார். "இப்பத்தான் தொந்தரவு இல்லாம இருக்காங்க" என்று வீடு மூச்சுவிடும். அதற்குள் நிமோனியா முற்றிவிடும்.

முனி பற்றிச் சொன்னீர்கள். கோவிலில் தேங்காய் உடைப்பதை யாரும் தடுக்க வேண்டியதில்லை. அது வீட்டாரின் மனதுக்கு ஆறுதல். ஆனால் இந்த நாட்களில் தண்ணீர் கொடுக்காமல் விரதம் வைப்பது, சாம்பிராணிப் புகையில் உட்கார வைப்பது, இரவெல்லாம் உடுக்கடித்துத் தூக்கத்தைக் கெடுப்பது ஆகிய மூன்றும் சன்னியை நேரடியாகக் கூட்டும். பூசாரியிடம் மரியாதையாகப் பேசி, பகல் நேரத்தில் ஒரு திருநீற்றோடு முடித்துக்கொள்ளுங்கள். கை காலைக் கட்டுவதும் அப்படித்தான். கட்டக் கட்டத் திமிறல் கூடும். பழகிய ஒருவர் பக்கத்தில் இருந்து, இன்ன இடம், இன்ன நாள், நான் இன்னார் என்று சலிக்காமல் சொல்லிக்கொண்டிருப்பதும், கண்ணாடி போடுபவருக்கு அதை மாட்டிவிடுவதும், மணிக்கொரு தடவை நாலு வாய் தண்ணீர் கொடுப்பதும் ஊசியைவிட நன்றாக வேலை செய்யும். காரணத்தைச் சரிசெய்த பிறகும் முழுத் தெளிவு வரச் சில கிழமைகள், சிலருக்குச் சில மாதங்கள் ஆகும்.

இனி அந்தத் தாள். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது எம்.எம்.எஸ்.இ. எனப்படும் சிறு மனநிலைப் பரிசோதனையாக இருக்க வேண்டும். மார்ஷல் ஃபோல்ஸ்டீனும் அவருடன் இருந்தவர்களும் 1975இல் அமெரிக்காவில் வெளியிட்டது. சன்னி நாட்களில் எடுத்த புள்ளி, காய்ச்சலில் எழுதிய பரீட்சை போன்றது. அந்த 13ஐ இப்போதைக்கு ஒதுக்கிவையுங்கள். சன்னி இல்லாத நாளிலும் அது அப்பாயிக்கு எப்படிப் பொருந்தும் என்று கணக்குப் பார்ப்போம். 30 புள்ளிகளில் வாசிப்புக்கு 1, ஒரு வசனம் எழுத 1, ஒன்றையொன்று வெட்டும் இரண்டு ஐங்கோணங்களைப் பார்த்து வரைய 1. நூறிலிருந்து ஏழேழாகக் கழித்துக்கொண்டு போக 5. எட்டுப் புள்ளி இங்கேயே போகிறது, மூளையில் ஒரு குறையும் இல்லாமல். இன்ன வருடம், இன்ன தேதி என்பது சம்பள நாளையும் பௌர்ணமிப் போயாவையும் வைத்து மாதத்தை எண்ணிய ஒருவரின் நாட்காட்டி அல்ல. நான்கு பருவங்களில் இது எது என்று கேட்கிறது. நம் மலையில் மழையும் பனியும்தானே. எத்தனையாவது மாடி என்று கேட்கிறது. தோட்டத்தின் எந்தப் பிரிவு, மேக்கணக்கா கீழ்க்கணக்கா, எத்தனையாம் நம்பர் மலை என்று கேட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருப்பார். 24க்குக் கீழ் என்றால் சந்தேகப்பட வேண்டும் என்பது வழக்கமான எல்லை. அப்பாயியின் தலைமுறையில் நல்ல நினைவோடு இருக்கும் எத்தனையோ பெண்கள் அந்த எல்லைக்குக் கீழேதான் நிற்பார்கள்.

எல்லையை இறக்கி 18 என்று வைத்துவிடலாமே என்று சிலர் சொல்வார்கள். அந்த யோசனையை நான் ஏற்கவில்லை. இறக்கினால் உண்மையாகவே நோய் தொடங்கியவர்களும் தப்பிவிடுவார்கள். மறுபக்கமும் பாருங்கள்: ஓய்வுபெற்ற ஒரு பெரிய கிளாக்கர் 27 எடுத்துவிட்டு, வீட்டுக்குப் போகும் வழியில் இறங்க வேண்டிய இடத்தை மறந்துவிடுவார். அவருடைய படிப்பு நோயை மூடி மறைக்கிறது. ஒரே தாள் ஒருவருக்கு இல்லாத நோயைக் கொடுக்கிறது, இன்னொருவருக்கு இருக்கும் நோயை எடுத்துவிடுகிறது.

பல மொழி பேசும் குடியேறிகளுக்காக சிட்னியில் உருவாக்கி 2004இல் வெளியிட்ட ருடாஸ் என்ற பரிசோதனை இதைவிட நெருக்கமானது. கடையில் வாங்க வேண்டிய நான்கு பொருட்களைச் சொல்லி, வேறு வேலைகள் கொடுத்துவிட்டுப் பிறகு திருப்பிக் கேட்பது அதில் முக்கிய பகுதி. நான்கு பொருட்கள் எவை தெரியுமா? தேயிலை, சமையல் எண்ணெய், முட்டை, சவர்க்காரம். மற்றவை: இடது வலது சொல்வது, ஒரு கையை முஷ்டியாகவும் மறு கையை விரித்தும் மாறி மாறி வைப்பது, வாகனம் நிறைந்த தெருவை எப்படிக் கடப்பீர்கள் என்ற கேள்வி, ஒரு நிமிடத்தில் எத்தனை விலங்குகள், ஒரு கனசதுரம் வரைதல். மொத்தம் 30; 22 அல்லது அதற்குக் கீழே என்றால் மேலும் ஆராய வேண்டும். கனசதுரம் மட்டும் பென்சில் பிடிக்காத கைக்கு இங்கேயும் அநியாயம்தான். விலங்குக் கேள்வியிலும் ஒரு நுணுக்கம் உண்டு. போர்த்துக்கலில் எழுத்தறியாத பெண்களிடம் சோதித்தபோது, விலங்குகளின் பெயரைச் சொல்வதில் அவர்கள் பள்ளி சென்ற பெண்களைவிடப் பின்தங்கினார்கள். கடையில் வாங்கும் சாப்பாட்டுப் பொருட்களைச் சொல்லச் சொன்னபோது வித்தியாசம் இல்லை. கேள்வி மாறியது, அறிவு மாறவில்லை. அப்பாயியிடம் மரக்கறிப் பெயர் கேளுங்கள்.

எல்லாவற்றையும்விட நம் லயங்களுக்குப் பொருந்துவது, நோயாளியை விட்டுவிட்டு அவரை நன்றாக அறிந்தவரைக் கேட்கும் முறை. அந்தோனி ஜோர்ம் 1989இல் அறிமுகப்படுத்திய ஐக்யூகோட் வினாக்கொத்து பத்து வருடத்துக்கு முந்திய இவரோடு இன்றைய இவரை ஒப்பிடச் சொல்கிறது. குறுகிய வடிவத்தில் 16 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை. 3 என்றால் மாற்றமில்லை, 5 என்றால் மிக மோசமாகியிருக்கிறது. சராசரி மூன்றைத் தாண்ட ஆரம்பித்தால் கவனிக்க வேண்டும். சில நாட்களுக்கு முன் பேசியது நினைவிருக்கிறதா, வைத்த பொருளைத் தேடி எடுக்கிறாரா, காசுக் கணக்குப் பார்க்கிறாரா, புதிதாக வந்த ஒரு சாமானைப் பயன்படுத்தப் பழகுகிறாரா? இவற்றை நம் வாழ்க்கைக்கு மாற்றிக் கேட்பது சுலபம்: கடைக் கடன் கொப்பியில் எவ்வளவு என்று முன்பு வாயாலேயே சொல்வாரே, இப்போது? நிறுவையில் கொழுந்தின் எடையில் எவ்வளவு கழித்தார்கள் என்று சண்டை பிடிப்பாரே, இப்போது? இதிலும் பிழை வரும். கொழும்பில் கடையில் வேலை செய்து தீபாவளிக்கு மட்டும் வரும் மகன் "அம்மா நல்லாத்தானே இருக்காங்க" என்பார். இரவு பகலாகப் பார்த்துக் களைத்த மருமகள் எல்லாவற்றுக்கும் ஐந்து போடுவார். ஆகவே இரண்டு பேரைத் தனித்தனியாகக் கேட்க வேண்டும். ஒருவர் பக்கத்துக் காம்பராவில் இருப்பவராக இருந்தால் நல்லது.

"பழசெல்லாம் அப்படியே சொல்றாங்களே" என்பது குடும்பங்கள் தவறாமல் சொல்லும் ஒரு வாதம். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு யார் யார் இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார்கள், எழுபதுகளில் தோட்டங்களை அரசாங்கம் எடுத்தபோது எந்தத் துரை போனார், 83 கலவரத்தில் எந்த லயத்தில் ஒளிந்திருந்தார்கள் என்றெல்லாம் அப்பாயி சொல்லக்கூடும். அது நோய் இல்லை என்பதற்கு அத்தாட்சி ஆகாது. அல்சைமர் நோய் முதலில் தாக்குவது புதிய நினைவைப் பதிக்கும் இடத்தை. பழையது நெடுநாள் நிற்கும். கை வேலையின் நினைவு அதைவிடவும் நெடுநாள் நிற்கும். இரண்டு இலை ஒரு அரும்பு என்று கிள்ளுவதை, இன்று என்ன கிழமை என்று தெரியாத பிறகும் விரல் மறக்காது. ஆகவே கொழுந்து எடுப்பதைப் பரிசோதனையாக வைக்காதீர்கள், சிகிச்சையாக வைத்துக்கொள்ளலாம்.

மொழிபெயர்த்தது நீங்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் பேத்தி மொழிபெயர்த்தால் கேள்வி குறுகும், பதில் நீளும். அப்பாயி திணறும்போது பேத்தி தன்னையறியாமல் ஒரு சொல் எடுத்துக்கொடுப்பாள். தப்பான பதிலை வெட்கப்பட்டுத் திருத்துவாள். அடுத்த தடவை தமிழ் தெரிந்த தாதியையோ உத்தியோகத்தரையோ கேளுங்கள். யாரும் இல்லாவிட்டால் சொன்னதைச் சொன்னபடி, பிழையோடு, மொழிபெயர்ப்பேன் என்று மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

சன்னி தெளிந்த பிறகு எஞ்சுவது அந்த இரண்டு வருட மறதி. அங்கேயும் டிமென்ஷியா என்று எழுதுமுன் இன்னொன்றை விலக்க வேண்டும்: மனச்சோர்வு. தோட்டத்தில் ஒரு நாள் சம்பளத்துக்குப் பெயரே 'பேர்'தான். முழுப்பேர், அரைப்பேர். வேலையை விட்ட நாளிலிருந்து செக்ரோலில் (வேலையாட்களின் பதிவேட்டில்) பேர் இல்லை. சேமலாப நிதி கல்யாணத்துக்கும் கடனுக்கும் போய்விட்டது. காலையில் லயமே மலைக்கு ஏறிப்போன பிறகு இஸ்தோப்பில் (திண்ணையில்) தனியாக ஒருவர். யாரும் மனச்சோர்வு என்று சொல்லமாட்டார்கள். உடம்பு உளைச்சல், நெஞ்சில கல்லு வச்ச மாதிரி, ஒண்ணுலயும் மனசு ஒட்டல என்பார்கள். விடியற்காலை மூன்று மணிக்கு விழித்துப் படுத்திருப்பது, எடை குறைவது, பேரப்பிள்ளையைக் கண்டும் முகம் மலராமை ஆகியவற்றைப் பாருங்கள். மனச்சோர்வில் உள்ளவர் "எனக்கு ஒண்ணும் ஞாபகமில்ல" என்று முதலிலேயே கைவிரிப்பார். டிமென்ஷியாவில் உள்ளவர் அநேகமாக மறைக்கப் பார்ப்பார், அல்லது உங்கள் அம்மாமீது பழி போடுவார். 15 கேள்வி உள்ள முதியோர் மனச்சோர்வு அளவுகோல் ஆம், இல்லை என்று பதில் சொல்ல வைத்திருப்பதால் வசதியானது. ஆனால் "வெளியே போவதைவிட வீட்டில் இருப்பதையே விரும்புகிறீர்களா?" என்று அது கேட்கும். முழங்கால் வலியோடு, மழையில் வழுக்கும் படிக்கட்டில் இறங்க வேண்டியவர் ஆம் என்றுதான் சொல்வார். அந்த ஆமுக்கு அடுத்த கேள்வியாக, "கால் நல்லா இருந்தா போவீங்களா?" என்று கேட்கத் தெரிந்தவர்தான் அதைப் பயன்படுத்த வேண்டும். இரண்டு நோயும் சேர்ந்தும் வரும். மனச்சோர்வுக்கு வைத்தியம் செய்து, மூன்று மாதம் கழித்து நினைவை மறுபடி பார்ப்பதே முறை. தைரொயிட்டையும் வைட்டமின் பி12ஐயும் அதே நேரத்தில் பார்த்துவிடச் சொல்லுங்கள். "நான் இருந்து யாருக்கு என்ன" என்று அவர் சொன்னால் பேச்சை மாற்றாமல் நேராகவே கேளுங்கள். கேட்பதால் எண்ணம் வராது. களைகொல்லியும் பூச்சிமருந்தும் வீட்டில் இருந்தால் பூட்டுங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் தொலைபேசி இலக்கம் 1926.

இரவில் பெரட்டுக்குக் கிளம்புவதற்கு வருகிறேன். "பெரட்டும் இல்ல, ஒண்ணும் இல்ல, படுங்க" என்று மறுத்தால் சண்டைதான். முப்பத்தெட்டு வருடம் அந்த நேரத்துக்கு எழும்பிய உடம்பு அது. "இன்னைக்கு எந்த மலை அப்பாயி? மழை பெய்யுது, கங்காணி பிந்தி வரச் சொல்லிட்டாரு, ஒரு வாய் சுடுதண்ணி குடிச்சிட்டுப் போகலாம்" என்று அவர் நிற்கும் இடத்தில் போய் நின்று, பிறகு திரும்பிக் கூட்டி வாருங்கள். இரவு சரியாக வேண்டுமென்றால் பகலைத்தான் திருத்த வேண்டும். காலை ஒன்பது பத்து மணிக்கு வெயிலில் அரை மணி நேரம் நடக்க வையுங்கள். பகல் தூக்கம் அரை மணிக்கு மேல் வேண்டாம், மூன்று மணிக்குப் பிறகு வேண்டவே வேண்டாம். மாலை நாலு மணியோடு சாயத்தண்ணியை (தேநீரை) நிறுத்துங்கள். மூடுபனி இறங்கும் நாளில் ஐந்து மணிக்கே காம்பரா இருண்டுவிடும். குழப்பம் கூடுவது அந்த நேரம்தான், ஆகவே விளக்கை அதற்கு முன்பே போடுங்கள். கழிவறை வெளியே என்றால் இரவுக்குக் கட்டில் பக்கத்தில் ஒரு மூடி வாளி. வெளிக் கதவின் உள்பக்கம் ஒரு மணி. கதவை வெளியே பூட்டாதீர்கள். அடுப்பு விறகு உள்ள வீட்டில் தீப்பிடித்தால் வழியில்லை. கான் (வடிகால்) ஓரத்துப் பாதையில் இறங்கிப் போனால் யார் கண்ணில் முதலில் படுவார் என்று பார்த்து அந்த லயத்தில் சொல்லிவையுங்கள். வளையல் காணாமல் போனால், யாரும் எடுக்கவில்லை என்று வாதாடுவதைவிட "வாங்க, சேர்ந்து தேடுவோம்" என்பதே நல்லது. மறைக்கும் இடங்கள் ஒவ்வொருவருக்கும் மூன்று நான்குதான், ஒரு மாதத்தில் உங்களுக்குப் பழகிவிடும். உங்கள் அம்மாவிடம் தயவுசெய்து சொல்லுங்கள்: பழி அவர்மேல் விழுவது அவர்தான் அதிகம் பக்கத்தில் இருக்கிறார் என்பதால். வேறு காரணம் இல்லை.

மூலையில் தெரியும் பிள்ளைகள் சன்னி தெளிந்த பிறகும் தொடர்ந்தால் கண்ணைக் காட்டுங்கள். கண்புரை முற்றியவர்களுக்குப் புத்தி தெளிவாக இருக்கும்போதே சிறு உருவங்கள் தெரிவதுண்டு. சார்ள்ஸ் பொனே என்ற சுவிஸ் அறிஞர் 1760இல் தன் பாட்டனாரிடம் கண்டு எழுதியது அது. உருவங்கள் தெரிவதோடு உடம்பும் விறைத்து, அடி குறுகி நடந்தால் டிமென்ஷியாவின் இன்னொரு வகையான லூயி பொடி டிமென்ஷியாவாக இருக்கலாம். அந்த நோயில் ஹெலொபெரிடோல் போன்ற மனநோய் மருந்து ஆளையே முடக்கிவிடும் என்பதால் மருத்துவரிடம் இந்த இரண்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பொதுவாகவே டிமென்ஷியா உள்ளவரை அடக்குவதற்காக மனநோய் மருந்துகளை நெடுநாள் கொடுப்பது பக்கவாதத்தையும் மரணத்தையும் கூட்டுகிறது. தவிர்க்க முடியாதபோது மிகக் குறைந்த அளவில், சில கிழமைகளுக்கு என்று நாள் குறித்துத் தொடங்க வேண்டும். டொனெபெசில் என்ற நினைவுக் குளிசை 5 மில்லிகிராமில் தொடங்கும். சிலருக்குச் சில மாதங்கள் பிடித்து நிறுத்தும், நோயை மாற்றாது. நாடித்துடிப்பு குறைந்தவருக்குக் கவனம்.

சித்தப்பாவின் வாயசைவு பல வருடம் ஊசி போட்டதன் விளைவாக இருக்கவே அதிக வாய்ப்பு. டார்டிவ் டிஸ்கைனீசியா என்பார்கள். வயதோடு கூடும். இதற்கு ஊசியை நீங்களாக நிறுத்தக் கூடாது. திடீரென நிறுத்தினால் அசைவும் கூடும், பழைய நோயும் திரும்பும். அவருக்கு பென்செக்சோல் குளிசையும் கொடுக்கிறார்களா என்று கொப்பியில் பாருங்கள். நடுக்கத்துக்குக் கொடுக்கும் அது இந்த அசைவுக்கு உதவாது, கூட்டவும் செய்யலாம். பிரிட்டனைப் போலவே நினைவையும் மங்க வைக்கும். ஊசியின் அளவையும் இந்தக் குளிசையையும் மறுபரிசீலனை செய்யுங்கள் என்று கிளினிக்கில் கேட்பது உங்கள் உரிமை. சீனி, பிரஷர், எடை, புகைத்தல் பற்றியும் கேளுங்கள். மனச்சிதைவு உள்ளவர்கள் மற்றவர்களைவிடப் பல வருடம் முந்தி இறப்பது பெரும்பாலும் இருதய நோயால். குரல் கேட்பது வயதோடு அடங்குவது உண்டு; அதைப் பார்த்துக் குணமாகிவிட்டது என்று மருந்தை விட்டவர்கள் பலர். இன்னொரு விஷயம் மருத்துவ அறையில் யாரும் கேட்காதது: அப்பாயிக்குப் பிறகு சித்தப்பாவைக் கூட்டிப்போவது யார்? அப்பாயி இன்னும் நடமாடும்போதே, அடுத்த கிளினிக் நாளுக்கு அப்பாயியும் புதியவரும் சேர்ந்து போகட்டும். மூன்று நான்கு மாதம் அப்படிப் போனால் சித்தப்பா புதிய முகத்தை ஏற்றுக்கொள்வார்.

ஆராய்ச்சி பற்றி. தொண்ணூறுகளின் கணக்குப்படி டிமென்ஷியா உள்ளவர்களில் 66 சதவீதம் பேர் வளரும் நாடுகளில் இருந்தார்கள். ஆராய்ச்சியில் பத்து சதவீதம்கூட அவர்களைப் பற்றியதாக இருக்கவில்லை. 1998இல் தொடங்கிய 10/66 என்ற ஆய்வுக்குழு தன் பெயரையே இந்தக் கணக்கிலிருந்து எடுத்துக்கொண்டது. சென்னையிலும் வேலூரிலும் வேலை செய்திருக்கிறது; படிப்பறிவில்லாதவர்களுக்கும் பொருந்தும்படி பரிசோதனையையும் வீட்டாரின் பதிலையும் சேர்த்தே முடிவு செய்யும் முறையை உருவாக்கியது. இலங்கையில் ராகமைப் பகுதியில் நடந்து 2003இல் வெளியான ஆய்வு 65 வயதுக்கு மேற்பட்டவர்களில் ஏறக்குறைய 4 சதவீதம் பேருக்கு டிமென்ஷியா என்று கண்டது. ராகமை கொழும்பை அண்டிய ஊர். அந்த எண்ணை எடுத்துத் தோட்டங்களின் தலையில் வைக்க முடியாது.

நீங்கள் தொடங்குவதென்றால் நோயாளிகளை எண்ணுவதில் தொடங்காதீர்கள். நோயில்லாத முதியவர்கள் எவ்வளவு எடுக்கிறார்கள் என்பதே முதலில் தெரிய வேண்டும். பள்ளி போகாதவர், ஐந்தாம் வகுப்புவரை போனவர், அதற்கு மேல் படித்தவர் என்று மூன்று கூட்டமாகப் பிரியுங்கள். வயதை அடையாள அட்டையில் மட்டும் பார்க்காதீர்கள், பலருக்கு அது குத்துமதிப்பாக எழுதியது. ஒப்பந்தம் வந்தபோது வேலைக்குப் போய்க்கொண்டிருந்தீர்களா, பிள்ளைக் காம்பராவில் (வேலைக்குப் போவோரின் குழந்தைகளைப் பார்க்கும் இடம்) இருந்தீர்களா என்று கேட்டால் ஓரளவுக்குக் கிட்டப் பிடித்துவிடலாம். ஒவ்வொரு கேள்வியையும் தமிழாக்கி, மூலத்தைப் பார்க்காத இன்னொருவரைக் கொண்டு திருப்பி மொழிபெயர்த்துப் பாருங்கள்; பிறகு பத்துப் பாட்டிகளிடம் "இந்தக் கேள்வி என்ன கேக்குதுன்னு நினைக்கிறீங்க?" என்று கேளுங்கள். பாதிக் கேள்வி அங்கேயே மாறும். காது கேட்கிறதா, கண் தெரிகிறதா என்பதை முதலில் பாருங்கள்; காதில் அடைத்த அழுக்கு எத்தனையோ பேரை மறதிக்காரர் ஆக்கியிருக்கிறது. லயத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் எல்லாம் கேட்கும். பிள்ளைக் காம்பரா மூடிய பிறகு அங்கே வைத்துப் பேசலாம். கைநாட்டு வாங்கினால் சம்மதம் கிடைத்துவிட்டது என்று நினைக்காதீர்கள். சொன்னதை அவர் தன் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும், மறுநாளும் ஒரு தடவை கேட்க வேண்டும்.

உளவியலாளர் இல்லாத இடத்தில் இதெல்லாம் நடக்குமா என்று நீங்கள் கேட்கக்கூடும். கோவாவில் 181 முதியவர்களோடு நடந்து 2019இல் வெளியான ஆய்வில், லேசான மனச்சோர்வு அறிகுறி இருந்தவர்களுக்கு, மனநலத் துறையில் தொழில்முறைக் கல்வி இல்லாத சாதாரண ஆலோசகர்களே பயிற்சி பெற்று, பிரச்சினையை ஒவ்வொன்றாக எடுத்துத் தீர்க்கும் முறையைக் கற்றுக்கொடுத்தார்கள். ஒரு வருடத்தில் முழு மனச்சோர்வுக்குப் போனவர்கள் அந்தக் கூட்டத்தில் 4 சதவீதம் அளவு. வழக்கமான கவனிப்பு பெற்ற கூட்டத்தில் 14 சதவீதம் அளவு. பயிற்சி எடுத்த ஒரு ஆயம்மாவாலும் ஓய்வுபெற்ற ஆசிரியராலும் நம் தோட்டத்தில் இதைச் செய்ய முடியும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இப்போதைக்கு ஒரு கொப்பி வாங்குங்கள். அப்பாயி ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய நாளிலிருந்து பதினான்கு நாள் எழுதுங்கள்: எத்தனை மணிக்குத் தூங்கினார், எழும்பினார், என்ன சாப்பிட்டார், மலம் போனதா, என்ன குளிசை, குழப்பம் எந்த நேரத்தில் கூடியது, அதற்கு முந்தைய அரை மணியில் என்ன நடந்தது. மூன்று மாதம் கழித்துத் தமிழில் பரிசோதனை செய்யக்கூடிய ஒருவரிடம் அந்தக் கொப்பியோடு போங்கள். பழைய 13ஐயும் காட்டுங்கள், அது எந்த நாளில் எடுத்தது என்பதைச் சேர்த்து. மனநலக் கிளினிக்குக்குப் போவதானால் அப்பாயிக்கும் சித்தப்பாவுக்கும் ஒரே நாளில் இலக்கம் கேளுங்கள். ஒரு நாள் சம்பளத்தை இரண்டு தடவை இழக்க வேண்டியதில்லை.

அன்புடன்.